சட்டாம்பிள்ளை கடல் கடந்த வரலாறு

கற்றோர் கற்பிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆயின், இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் சிறுவனையே கற்பிப்போனாகவும் அமர்த்தி, அப்பணிக்கென அவனுக்கு ஊதியமும் அளித்து, அவ்வழியே நாளைய ஆசிரியனை உருவாக்கலாம் என்னும் எண்ணம் எங்கே தோன்றியது, எந்நாடுகளில் உலவியது, எவ்வாறு வளர்ந்து எவ்வாறு தளர்ந்தது என்பதை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. அவ்வரலாற்றின் தொடக்க ஏடுகளுள் ஒன்று சென்னை மாநகரில், அதுவும் மணற்பரப்பின் மீது, எழுதப்பட்டது என்பது தமிழராகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. மகிழ்வதோடு நில்லாமல் சிந்திக்கவும் தக்க செய்தி. ஏனெனில், தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, அடுத்த தலைமுறைக்குத் தமிழ் கற்பிப்போர் யார் என்னும் வினா ஆண்டுதோறும் கூர்மை பெற்று வருகின்றது. அவ்வினாவிற்கு இவ்வரலாறு ஒருவாறு விடை கூறும் என்பது நம் துணிபு.

திண்ணையில் தோன்றிய முறை

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிகளை நாம் ஏட்டிலும் முதியோர் வாய்மொழியிலுமே அறிவோம். கோயில் மண்டபத்திலோ, ஊரார் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, மரநிழலிலோ கூடிய பள்ளி அது. புதிதாய் வந்த பிள்ளை மணலைப் பரப்பி, அதன்மீது விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகும். கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு எனப் பாடம் படிப்படியாக உயரும். ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகளோ பல படியினர். ஆகவே, மேற்படியில் இருந்த மாணவன் ஒருவன் கீழ்ப்படியில் இருந்தோர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். முறை வைத்துச் சொல்லச் செய்வான். ஆசிரியர் இல்லாதபோது பள்ளியை நடத்துவான். அவனையே சட்டாம்பிள்ளை என்றனர். சட்டம் என்னும் சொல்லுக்குப் பார்த்து எழுதுவதற்கென மேல்வரியாக வரைந்து தரப்படும் ஏடு என்ற பொருளும் உண்டு. பிறர் பார்த்து ஒழுகத்தக்க பிள்ளை என்னும் கருத்தையும் அப்பெயரில் நாம் காணலாம்.

இம்முறை ஆள் பற்றாக்குறையால் மட்டும் நேர்ந்ததன்று. அதற்கு அடிப்படையாக ஒரு கல்விக் கொள்கையும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் புலமை நிரம்பும் வகையைக் கணக்கிட்டே கூறுகின்றார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே உளங்கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ தான் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது அவர் கருத்து. கற்பித்தலே கற்றலின் சரிபாதி என்று இதைவிடத் தெளிவாகக் கூறினாரை நாம் அறியோம்.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று; தென்னாடெங்கும் பரவியிருந்தது. 1623 ஆம் ஆண்டில் கோவாவினின்று இக்கேரிக்குச் சென்ற பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி, வழியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் ஆசிரியர் இன்றியே கணக்குப் பயில்வதைக் கண்டார். ஒருவன் இசையோடு ஓதி மணலில் எழுத, ஏனையோர் அவ்வாறே ஓதி எழுதினர். இங்ஙனம் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்ட அச்சிறுவரின் திறத்தை அவர் வியந்து எழுதி வைத்தார்.

இவ்வாறு கூறுவதால், பழைய திண்ணைப் பள்ளி குறையேதுமற்ற பொற்காலம் என்று நாம் கொள்ளலாகாது. பெண்மக்கள் அதில் மிகச் சிலரே இடம்பெற்றனர். தீண்டாமை என்னும் கொடுமையால் ஒதுக்கப்பட்டோர்க்குப் பல ஊர்களில் அதன் வாயில் அடைத்தே கிடந்தது. பிரம்பின் ஆட்சியும் கடுமையாகவே இருந்தது. சட்டாம்பிள்ளைக்கு ஊதியம் என்று ஒன்றும் இல்லை; பெருமையே அவன் பெற்ற கூலி. இக்குறைகளை மறவாமலே அதன் நிறையையும் நாம் போற்ற வேண்டும்.

எழும்பூர் விடுதியில் ஒரு சோதனை

ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753 ஆம் ஆண்டில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா செல்லக் கருதியவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். படைவீரர்களின் தாய்தந்தையற்ற ஆண்மக்களுக்கெனக் கும்பினியார் ஆட்சியில் எழும்பூரில் ஒரு விடுதி ஏற்பட்டபோது, 1789 ஆம் ஆண்டில் அதன் மேற்பார்வையாளராக அவர் அமர்ந்தார். இன்று எழும்பூர் இரயில் நிலையம் விளங்கும் பகுதியிலேயே அக்காலத்து விடுதியும் இருந்தது.

விடுதியில் உதவி ஆசிரியர் சிலர் இருந்தனர். ஆயின் பணியில் ஊக்கம் இல்லை. பிள்ளைகள் எழுத்துக்களை அறிவதற்கே பல மாதங்கள் கழிந்தன. இந்நிலையில், ஒருநாள் குதிரைமீது சென்ற பெல், ஒரு 'மலபார்' பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். மலபார் என்ற சொல்லைக் கண்டு அது மலையாள நாட்டுப் பள்ளி என்று மயங்கற்க. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் மலபார் என்னும் பெயராலேயே வழங்கினர். சென்னையில் அவர் கண்டது தமிழ்த் திண்ணைப் பள்ளியே என்று கொள்வதில் தவறில்லை.

கண்டதும் அவர் விடுதிக்குத் திரும்பி, கடைசி வகுப்பிற்கு அவ்வாறே மணலெழுத்துக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியரைப் பணித்தார். அவர்கள் அஃது இயலாது என்றனர். இயலச் செய்யவும் முயலவில்லை. பெல் வாளாவிருக்கவில்லை. மாணவருள் எட்டு வயதே நிரம்பிய ஜான் பிரிஸ்கன் என்னும் படைவீரன் மகனை அழைத்து, அவ்வகுப்பை அவன் பொறுப்பில் விட்டார். ஆசிரியரால் ஆகாதென்றது அச்சிறுவனால் ஆயிற்று. நாளடைவில் வகுப்புக்கள் பலவும் சிறுவர் பொறுப்பிற்கே வந்தன. பிரிஸ்கன் தன் வயதினர் சிலரைத் துணையாகக் கொண்டு பல வகுப்புக்களை நடத்தலானான்.

1796 ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே சென்னை விடுதியில் நிகழ்ந்த சோதனையை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் பெயரிலேயே சென்னை இடம்பெற்றது. அம்முறை 'மதராஸ் முறை' என்றே ஐரோப்பாவில் வழங்கலாயிற்று. மணலெழுத்தைத் திண்ணைப் பள்ளியிலிருந்தே கொண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையோ தாம் கண்டதென்றே கூறிவந்தார். ஆயினும் அவர் காலத்தவரே அதை முற்றும் ஏற்கவில்லை. 1814 ஆம் ஆண்டில் கும்பினியின் இயக்குநர் வங்காளத்திற்கு விடுத்த கல்விக் கடிதத்தில், இந்திய ஊர்ப்பள்ளிகளில் வழிவழியாக நிலவிய முறையே பெல் வாயிலாக இங்கிலாந்தில் வேரூன்றியது என்று குறித்தனர்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822 ஆம் ஆண்டில் மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826 ஆம் ஆண்டில் அவர் தொகுத்துரைத்தபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். அக்கணக்கெடுப்பின்போது பல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் 1823 ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை சுவை மிக்கது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவர். இரண்டாமவன் கையில் சுழியிடுவர். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி. பின் வருவோர்க்கு அடி ஒவ்வொன்றாக ஏறும். இவற்றையெல்லாம் விரித்துரைத்த காம்பெல், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பெரிதும் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். இவ்வறிக்கைகளைத் தரம்பால் என்னும் அறிஞர் தொகுத்து 1983 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டமையால் அவை இன்று யாவர்க்கும் எளிதில் கிடைக்கின்றன.

மலிவால் வந்த பெருமையும் வீழ்ச்சியும்

இங்கிலாந்தில் இம்முறை காட்டுத் தீப்போல் பரவியதற்குக் காரணம் அதன் கல்விச் சிறப்பு மட்டுமன்று. அதன் மலிவே பெருங்காரணம். தொழிற்சாலைகள் பெருகி, ஏழைச் சிறுவர் நகரங்களில் திரண்ட காலம் அது. அவர்க்குக் கல்வி அளிக்க அரசு பொருள் ஒதுக்கவில்லை, ஆசிரியரும் இல்லை. 1798 ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் தென்பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் இதையொத்த முறையில் ஒரு பள்ளி தொடங்கினார். ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் சிறுவர்க்குக் கற்பிக்கலாம் என்பது அவர் முழக்கம். பெல்லைச் சார்ந்தோர் 1811 ஆம் ஆண்டில் ஒரு கழகமும், லங்காஸ்டரைச் சார்ந்தோர் மற்றொரு கழகமும் நிறுவினர். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருசாராரும் பூசலிட்டனர். அதற்குள் அம்முறை நியூயார்க் வரையிலும், லங்காஸ்டர் நேரிற் சென்ற காரகாஸ் வரையிலும் பரவிவிட்டது. எழும்பூர்ச் சிறுவன் மணலில் இட்ட கோடு அத்துணைத் தொலைவு நீண்டது.

ஆயினும் பொருளில்லாப் பெருமை நெடுநாள் நில்லாது. பத்துப் பதினொரு வயதுச் சிறுவன் தான் அறிந்ததை மட்டுமே சொல்லிக் கொடுத்தான், அறிந்ததோ சிறிது. மனப்பாடம் பெருகிற்று, பொருளறிவு அருகிற்று. தம் பிள்ளை வகுப்பு நடத்துவதிலேயே பொழுதைக் கழித்துத் தன் படிப்பை இழப்பதாகப் பெற்றோர் குறைகூறினர். சிறிது திறமை பெற்றதும் அச்சிறுவன் கூலி கிடைக்கும் வேறு தொழிலைத் தேடிப் போனான். பள்ளிகளைப் பார்வையிடச் சென்ற அரசு ஆய்வாளர்கள் 1840 ஆம் ஆண்டையடுத்து எழுதிய அறிக்கைகளில் இக்குறைகளை எடுத்துக்காட்டினர். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் கண்ணெதிரே, சிலருக்கு, தான் நன்கறிந்ததைக் கற்பித்தான். அதையே ஆயிரவர்க்கெனப் பெருக்கியபோது ஆசிரியர் மறைந்தார், ஆலையே எஞ்சிற்று.

பெல் 1832 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு 'மதராஸ் கல்லூரி' என்று பெயரிட்டனர். சென்னையின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி ஸ்காட்லாந்தில் இன்றும் நடைபெறுகின்றது.

பத்துப் பவுன் ஊதியம்

இவ்வீழ்ச்சியினின்று பாடம் கற்றவர் ஜேம்ஸ் கே ஷட்டில்வொர்த் என்பவர். மருத்துவராய் இருந்து, மான்செஸ்டர் நகரத் தொழிலாளரின் வறுமையை நேரிற் கண்டு, பின்னர் 1839 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கல்விக் குழுவிற்கு முதற் செயலாளரானவர். ஏழையர் இல்லப் பள்ளி ஒன்றில், ஆசிரியர் நோயுற்றபோது மாணவன் ஒருவன் தானே முன்வந்து வகுப்பைத் தடையின்றி நடத்தியதை அவர் அறிந்தார். ஆலந்து நாட்டுப் பள்ளிகளில் மாணவர் சிலர் ஆசிரியரிடம் தொழில் பயில்வோராகவே அமர்ந்திருந்ததையும் கண்டார். சிறுவரைக் கற்பிக்கச் செய்வது பிழையன்று. அவரைப் பயிற்சியின்றியும் ஊதியமின்றியும் கற்பிக்கச் செய்ததே பிழை என்பது அவர் கண்ட முடிவு.

அம்முடிவின்படி 1846 ஆம் ஆண்டில் 'மாணவ ஆசிரியர்' திட்டம் பிறந்தது. அதன் விதிகளை நாம் சற்று ஊன்றி நோக்குதல் நலம். பதின்மூன்று வயது நிரம்பிய மாணவரையோ மாணவியரையோ ஐந்தாண்டுக் காலத்திற்குத் தொழில் பயில்வோராகத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தனர். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவிலேயே அவரை அமர்த்தினர். பகலில் வகுப்பில் கற்பித்தல்; பள்ளிக்கு முன்னோ பின்னோ நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியரிடமே பாடம் கேட்டல்; ஆண்டுதோறும் அரசு ஆய்வாளர் முன்னிலையில் தேர்வு. தேர்வில் தேறினால் அரசே ஊதியம் அளித்தது. முதலாண்டில் 10 பவுன். ஆண்டுக்கு இரண்டரைப் பவுன் வீதம் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 20 பவுன். அவர்க்குப் பாடம் சொன்ன தலைமையாசிரியர்க்கும் ஒரு மாணவ ஆசிரியருக்கு 5 பவுன், இருவருக்கு 9 பவுன் என்று தனியே ஊதியம் உண்டு. ஐந்தாண்டு முடிவில் போட்டித் தேர்வில் வென்றோர் அரசியின் பெயரால் அளிக்கப்பட்ட உதவித் தொகை பெற்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தனர்.

பத்துப் பவுன் என்பது வாரத்திற்கு நான்கு ஷில்லிங்குக்கும் குறைவானதே. ஆயினும் அதன் ஆற்றல் பெரிது. பதின்மூன்று வயதில் மகனை ஆலைக்கு அனுப்பக் கருதிய தந்தை, அவனைப் பள்ளியில் நிறுத்த அத்தொகை துணை செய்தது. தச்சர், நெசவாளர், சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதுவரை அவர் குலம் கண்டறியாத ஒரு வாழ்க்கைப் படி திறந்தது. பெண்களுக்கோ, வீட்டுப் பணிப்பெண் வேலையும் தையலும் அன்றி வேறு மதிப்புள்ள தொழில் அரிதாய் இருந்த காலத்தில், இஃது ஒரு பெருவாயில் ஆயிற்று. சில பத்தாண்டுகளில் மாணவ ஆசிரியருள் பெண்களே மிகுதியாயினர். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் சில காலம் மாணவ ஆசிரியராய் இருந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகனாகிய டி. எச். லாரன்ஸ் 1902 ஆம் ஆண்டில் தம் ஊர்ப் பள்ளியிலேயே அப்பணியில் அமர்ந்தார். டிக்கென்ஸ், ஹார்டி ஆகியோரின் நாவல்களிலும் மாணவ ஆசிரியர் உலவுகின்றனர்.

நல்ல திட்டத்தைச் சிக்கனம் எவ்வாறு கெடுக்கும் என்பதற்கும் இவ்வரலாறே சான்று. 1862 ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்னும் அமைச்சர், பிள்ளைகளின் தேர்ச்சியைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் அளிக்கும் விதியைப் புகுத்தினார். மாணவ ஆசிரியர்க்கு அரசு நேராக அளித்துவந்த ஊதியம் நின்றது. தலைமையாசிரியர்க்கு அளித்த தொகையும் நின்றது. பள்ளி நடத்துவோர் பேரம் பேசிக் கொடுத்ததே கூலியாயிற்று. பாடம் சொல்லும் நேரம் சுருங்கிற்று. சேர்வோர் தொகையும் விரைவாகக் குறைந்தது. பின்னர் 1870 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகள் பெருகியபோது தொகை மீண்டும் ஏறியதாயினும், பழைய தரம் திரும்பவில்லை. களைத்த சிறுவர் களைத்த சிறுவர்க்குக் கற்பிக்கும் நிலையை ஆணைக்குழுக்கள் கண்டித்தன. 1903 ஆம் ஆண்டில் நகர்ப்புறங்களில் வயது வரம்பு பதினாறாக உயர்ந்தது. 1907 ஆம் ஆண்டில், உயர்நிலைப் பள்ளியிலேயே உதவித் தொகையோடு பயின்று, பின் ஓராண்டு வகுப்பறைப் பழக்கம் பெறும் புதுமுறை வந்தது. அதன்பின் மாணவ ஆசிரியர் மெல்ல மறைந்தனர்.

திரும்பி வந்த முறை

தென்னிந்தியாவினின்று சென்ற முறை மீண்டும் இந்தியாவை நாடி வந்தது இவ்வரலாற்றின் வியப்பான பகுதி. 1854 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வந்த புகழ்பெற்ற கல்வி அறிக்கை, சார்லஸ் வுட் பெயரால் வழங்குவது, இந்தியாவிற்கு ஆசிரியர் தேவையை நிறைவு செய்ய இங்கிலாந்தின் மாணவ ஆசிரியர் முறையையே பரிந்துரைத்தது. தக்க மாணவரைத் தேர்ந்து உதவித் தொகை அளிக்க வேண்டும். அவரைப் பயிற்றும் ஆசிரியர்க்கும் சிறு தொகை தர வேண்டும். பின் அவரைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றது அது. 1856 ஆம் ஆண்டில் சென்னை வேப்பேரியில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே 1887 ஆம் ஆண்டில் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து, பல தலைமுறை ஆசிரியரை உருவாக்கிய கல்லூரியாயிற்று.

பயிற்சிப் பள்ளி வந்ததே அன்றி, ஊர்ப்பள்ளியில் மாணவனை ஊதியத்தோடு அமர்த்தி வளர்க்கும் பகுதி நம் நாட்டில் ஆழ வேரூன்றவில்லை. திண்ணைப் பள்ளிகள் மறைய, சட்டாம்பிள்ளையும் வகுப்பில் அமைதி காக்கும் காவற்காரனாகச் சுருங்கினான். கற்பிக்கும் பொறுப்பு அவனை விட்டு நீங்கியது; பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பு மட்டுமே எஞ்சியது!

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள்

அமெரிக்க நாட்டில் இவ்வெண்ணம் வேறு வழியில் புத்துயிர் பெற்றது. 1937 ஆம் ஆண்டில், உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஆசிரியத் தொழிலில் நாட்டமுடையோரைத் திரட்ட, வருங்கால ஆசிரியர் கழகம் ஒன்றை அந்நாட்டுத் தேசியக் கல்விச் சங்கத்தார் தோற்றுவித்தனர். 1963 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஏழையர் பகுதி ஒன்றில், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கூலி கொடுத்து, தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு மாலை வேளையில் பாடம் சொல்லச் செய்தனர். ராபர்ட் கிளோவர்ட் என்பார் அதை ஆராய்ந்து 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நமக்குப் புதிதன்று. கேட்டுப் பயின்ற சிறுவரைவிடச் சொல்லிக் கொடுத்த மாணவரே படிப்புத் திறனில் மிகுதியாக முன்னேறினர் என்பது அது. பவணந்தியார் வகுத்த அரைப்பங்கு அங்கே அளவுகோல் கொண்டு அளக்கப்பட்டது எனலாம்.

1984 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் தொடங்கிய முயற்சி நம் கருத்துக்கு இன்னும் நெருங்கியது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களைச் சேர்ந்து, படிப்பில் பின்தங்கிப் பள்ளியை விட்டே நீங்கும் நிலையில் இருந்த மாணவரைத் தேர்ந்தெடுத்தனர். அவரையே தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு ஆசிரியராக்கினர். ஒருவர்க்கு மூன்று சிறுவர் என்னும் அளவில் ஒப்படைத்தனர். சட்டம் வகுத்த குறைந்த அளவு ஊதியத்தை அளித்தனர். கற்பிக்கும் முறையில் அவர்க்குத் தனி வகுப்பும் நடத்தினர். தேறாதவன் என்று பெயர் பெற்றவன் 'ஐயா' என்று அழைக்கப்பெற்றான். அம்மாணவருள் பள்ளியை விட்டு நீங்கியோர், திட்டத்தில் சேராத ஒத்த நிலையினரைவிட மிகக் குறைவாயினர்.

தமிழ்நாட்டிலும் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2021 ஆம் ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. தொடக்க வகுப்புக்களுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோரே தன்னார்வலராக ஏற்கப்பட்டனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகை அளிக்கப்பட்டது. மாலைப்பொழுதில் வீட்டு முற்றங்களிலும் திண்ணைகளிலும் பிள்ளைகள் கூடினர். பழைய திண்ணையே, புதிய உருவில்!

நமக்குரிய பாடம்

தமிழன்பர்களே! இவ்வரலாற்றை நாம் இங்கு விரித்துரைத்தது பழம்பெருமை பேசுதற்கன்று. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்ச் சங்கங்கள் பலவும் வாரத்தில் ஒருநாள் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. கற்பிப்போர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பெரியோரும் இல்லத்து அன்னையருமே. அவர் தொண்டிற்கு நாம் என்றும் கடமைப்பட்டவர். ஆயின் அவர்க்குப் பின் யார்? ஐந்தாறு ஆண்டு தமிழ் பயின்று, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் ஒரு கடிதம் எழுதவும் வல்லவரான நம் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் தேர்வுப் பயிற்சி நிலையங்களுக்குச் சென்று மறைகின்றனர். கற்ற தமிழும் பயன்படாமல் துருவேறுகின்றது. நகரின் குடிசைப் பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோ, ஓய்வு நாளில் கடையிலும் பட்டறையிலும் சில்லறை வேலைக்குச் செல்ல நேர்கின்றது. ஒரு சாராரை ஆசை இழுக்கின்றது. மற்றொரு சாராரை வறுமை இழுக்கின்றது. இழப்பு தமிழுக்கே.

இவ்விரு சாராரையும் சட்டாம்பிள்ளைகளாக அமர்த்தி, சிறு ஊதியம் அளித்தால் என்ன என்பதே நம் வினா. தமிழ் சொல்லிக் கொடுக்கக் காசா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தொண்டு ஊதியமின்றிச் செய்யத்தக்கது என்பது உயர்ந்த கொள்கையே. ஆயின் அக்கொள்கையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் மட்டும் ஏற்றுதல் முறையாகாது. ஆசிரியரின் தொழில் மதிப்புடையது என்பதை நாம் பிள்ளைகளுக்கு வாயால் பலகாலும் சொல்லியிருக்கின்றோம். கையால் ஒருமுறை காட்டுதல் வேண்டும். தன் உழைப்பால் பெற்ற முதல் தொகை தமிழால் வந்தது என்னும் நினைவு அப்பிள்ளையின் உள்ளத்தில் நெடுங்காலம் நிற்கும்.

அங்ஙனம் செய்யும்போது வரலாறு எச்சரிக்கும் பிழைகளை நாம் விலக்க வேண்டும். லங்காஸ்டர் செய்ததுபோல் ஒருவரிடம் கூட்டத்தை ஒப்படைத்தல் ஆகாது. நான்கைந்து சிறுவரே போதும். மூத்த ஆசிரியர் உடனிருந்து பார்த்தல் வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு ஆசிரியரை நீக்கும் எண்ணம் எழவே கூடாது. வாரந்தோறும் அம்மாணவர்க்கெனத் தனிப்பாடம் வேண்டும். ஏனெனில், ஊற்றுக்கண் தூர்ந்த கேணியில் இறைத்தால் சேறே மிஞ்சும். அவரைப் பயிற்றும் ஆசிரியர்க்கும் சிறப்பு ஊதியம் வேண்டும். தேர்வுக் காலங்களில் அவர்க்கு விடுமுறை வேண்டும். நிதி குன்றும் ஆண்டில் முதலில் இத்தொகையில் கை வைத்தல் கூடாது. 1862 ஆம் ஆண்டில் அங்ஙனம் செய்தவர் எய்திய பயனை மேலே கண்டோம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்டு விழாவில் பந்தலுக்கும் விருந்துக்கும் நாம் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியே பத்து மாணவர்க்கு ஓராண்டு ஊதியமாகும். அப்பதின்மருள் இருவர் பிற்காலத்தில் ஆசிரியராயினும் நமக்குப் பெரும்பேறே. ஏனைய எண்மரும் மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆகட்டும். தாம் ஒருகால் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்த மொழியை அவர் தம் மக்களுக்கும் சொல்லிக் கொடுப்பர். எழும்பூரில் பெரியோர் ஆகாதென்று கைவிட்ட பணியை எட்டு வயதுச் சிறுவன் ஆக்கிக் காட்டினான். நம் பிள்ளைகள் அவனினும் மூத்தவர். அவர் கையில் தமிழ் அகரத்தை ஒப்படைக்க நாம் தயங்க வேண்டுவதில்லை.